ஒரே ட்யூப், இரண்டு நோய்கள்: மகனின் பொருக்கும் மாமியாரின் அக்கியும்

வாசகியின் கேள்வி:

என் மகனுக்கு 6 வயது. இரண்டு வாரங்களுக்கு முன் சளி பிடித்து மூக்கொழுகியபோது, மூக்குத் துவாரத்துக்குக் கீழே சிறு புண் ஒன்று வந்து அதன்மேல் மஞ்சளாகப் பொருக்குக் கட்டியது. மருந்துக்கடையில் சொல்லிக் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவினோம். இரண்டு நாள் சிவப்பு குறைந்தது. பிறகு கன்னத்துக்கும் முகவாய்க்கும் பரவிவிட்டது. இதற்கிடையில், சர்க்கரை நோய் உள்ள என் மாமியாருக்கு (வயது 64) முதுகின் வலப்பக்கத்தில் மூன்று நாள் எரிச்சலும் குத்தலுமாக இருந்தது. நேற்று முன்தினம் முதல் அந்த இடத்திலிருந்து மார்பு வரை கொப்புளங்கள் கொத்துக்கொத்தாகக் கிளம்பியிருக்கின்றன. பேரனிடமிருந்து தொற்றியிருக்கும் என்று அதே களிம்பை அவருக்கும் தடவுகிறோம். போன முறை இருமலுக்கு வாங்கி மிஞ்சிய ஆன்டிபயாடிக் மாத்திரைகள் வீட்டில் உள்ளன, அவற்றைக் கொடுக்கலாமா? மகனைப் பள்ளிக்கு அனுப்பலாமா? நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. எனக்கு ஆபத்து உண்டா?

பின்குறிப்பு: மகனின் அக்குளைச் சுற்றிப் பல மாதங்களாக வலியில்லாத சிறு பருக்கள் இருக்கின்றன. ஊசியால் குத்தி எடுத்துவிடச் சொல்கிறார்கள். செய்யலாமா?

தோல் நோய் மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட வரிசையிலேயே பதில் சொன்னால் அவசரமானது பின்னால் போய்விடும் என்பதால், மாமியாரிடமிருந்து தொடங்குகிறேன். இந்தப் பகுதியின் சாரத்தை அச்சுக்குப் போகும் முன்பே உங்களுக்குத் தனியாக அனுப்பச் சொல்லிவிட்டேன். அவரை இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

முதுகின் ஒரு பக்கத்தில் மட்டும் எரிச்சலும் குத்தலும் முதலில் வந்து, சில நாள் கழித்து அதே பட்டையில் கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பி, முதுகெலும்பையோ மார்பின் நடுக்கோட்டையோ தாண்டாமல் நின்றால், அது பெரும்பாலும் அக்கிதான். கண்ணால் பார்க்காமல் எந்த நோயையும் உறுதியாகச் சொல்லக் கூடாது என்றாலும், நீங்கள் எழுதியிருக்கும் விவரம் அக்கிக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது. சிறு வயதில் சின்னம்மையை உண்டாக்கும் அதே வைரஸ், அம்மை இறங்கிய பிறகு உடலைவிட்டுப் போவதில்லை. முதுகுத் தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் பல பத்தாண்டுகள் ஒடுங்கியிருந்து, வயதாலோ நோயாலோ எதிர்ப்புச் சக்தி தளரும்போது ஒரே ஒரு நரம்பின் வழியாகத் தோலுக்கு இறங்கி வருகிறது. அந்த நரம்பு உணர்வூட்டும் பரப்பு எதுவோ அதுவே கொப்புளங்களின் எல்லையாகிறது. வலி முந்திக்கொள்வதும், உடம்பின் நடுக்கோட்டில் கொப்புளம் நின்றுவிடுவதும் இதனால்தான். கொப்புளம் வருவதற்கு முந்தைய நாட்களில் இந்த வலியை நெஞ்சுவலி என்றோ பித்தப்பைக் கல் என்றோ நினைத்துப் பரிசோதனை பல செய்துகொண்டு அலைபவர்களும் உண்டு.

ஆகவே இது பேரனிடமிருந்து வந்ததல்ல. அக்கி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அக்கியாகத் தொற்றுவதே இல்லை. அவரவர் உடலுக்குள் ஏற்கெனவே இருக்கும் வைரஸ் விழித்துக்கொள்வதால்தான் வருகிறது.

இன்றே போகச் சொல்வதற்குக் காரணம் 72 மணி நேரக் கணக்கு. கொப்புளம் தோன்றியதிலிருந்து அந்த நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கினால் புதிய கொப்புளங்கள் சீக்கிரம் நிற்கும், பொருக்கு விரைவில் கட்டும், கடும் வலி நீடிக்கும் நாட்களும் குறையும். அசைக்ளோவிர் என்றால் பெரியவர்களுக்கு வழக்கமாக 800 மில்லிகிராம் வீதம் ஒரு நாளைக்கு ஐந்து முறை, 7 நாட்கள். வாலாசைக்ளோவிர் என்றால் 1,000 மில்லிகிராம் வீதம் மூன்று முறை, அதே 7 நாட்கள். இந்த அளவுகளைச் சொல்வது நீங்களே வாங்கிக் கொடுப்பதற்காக அல்ல. சர்க்கரை நோயாளிகள் பலருக்குச் சிறுநீரகத்தின் திறன் சத்தமில்லாமல் குறைந்திருக்கும்; அப்படியானால் இந்த அளவையும் குறைத்தாக வேண்டும். கடைசியாக எடுத்த கிரியேட்டினின் பரிசோதனைச் சீட்டையும், அவர் உண்ணும் மாத்திரைகளின் பட்டியலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

அசைக்ளோவிரைப் பற்றி ஒரு சிறு விலகல். இந்த மருந்து உருவானதில் பெரும்பங்கு உள்ள கெர்ட்ரூட் எலியன் 1988-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். வைரஸ் புகுந்த உயிரணுவுக்குள் அந்த வைரஸே தயாரிக்கும் ஒரு நொதிதான் இம்மருந்தை முடுக்கிவிடுகிறது. நல்ல உயிரணுக்களில் அது பெரும்பாலும் செயல்படாமல் கிடக்கிறது. அது செய்வதெல்லாம் வைரஸ் பெருகுவதைத் தடுப்பதுதான். பெருகி முடித்த வைரஸ் நரம்பில் விட்டுச்சென்ற சேதத்தை அதனால் திருப்ப முடியாது. நேரத்தைப் பற்றி நாங்கள் இவ்வளவு நச்சரிப்பது ஏன் என்பது இதிலிருந்தே விளங்கும். அதே பெயரில் விற்கும் களிம்பு அக்கிக்குப் போதாது. மாத்திரையாகத்தான் உள்ளே போக வேண்டும். 72 மணி நேரம் கடந்துவிட்டாலும், புதிய கொப்புளங்கள் இன்னும் வந்துகொண்டிருந்தால் மருந்து பயன்படும். 'இனி என்ன' என்று இருந்துவிட வேண்டாம்.

அவருக்குக் கொப்புளம் மார்பில் வந்திருக்கிறது. அதுவே நெற்றியிலோ கண்ணிமையிலோ, குறிப்பாக மூக்கின் நுனியிலோ பக்கவாட்டிலோ வந்திருந்தால், நான் தோல் மருத்துவரிடம் அனுப்பியதோடு நிற்காமல் அன்றே கண் மருத்துவரிடமும் போகச் சொல்லியிருப்பேன். மூக்கு நுனிக்குப் போகும் நரம்புக் கிளையே விழிக்கும் போவதால், அங்கே ஒரு கொப்புளம் தெரிந்தால் விழியும் பாதிக்கப்பட வாய்ப்பு அதிகம். காதுக்குள் கொப்புளம், அதனுடன் முகம் ஒரு பக்கமாகக் கோணுதல், தலைசுற்றல் ஆகியவை சேர்ந்து வந்தாலும் தாமதிக்கக் கூடாது.

வலிக்குப் பாராசிட்டமால் போதாமல் போகலாம். கொப்புளங்கள் ஆறி 90 நாட்களுக்குப் பிறகும் அந்த இடத்தில் ஆடை பட்டாலே எரிகிறது என்பவர்களுக்குத் தருகிற அமிட்ரிப்டிலின், கேபாபென்டின், பிரிகேபலின் போன்ற நரம்புவலி மருந்துகளைத் தேவைப்பட்டால் மருத்துவர் முன்கூட்டியே தொடங்குவார். இவை தூக்கக் கலக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரக்கூடியவை என்பதால், இரவில் அவர் தனியாக எழுந்து நடக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வலி தாங்காமல் ஸ்டீராய்டு மாத்திரை கேட்டு வாங்கிவிடாதீர்கள். அது நீடித்த நரம்புவலியைத் தடுப்பதில்லை என்பதோடு, சர்க்கரையை இரண்டே நாளில் கட்டுமீறி ஏற்றிவிடும்.

இனி உங்கள் மகன்.

மூக்குக்குக் கீழே தொடங்கி, தேன் வழிந்து உலர்ந்தாற்போன்ற மஞ்சள் பொருக்குக் கட்டி, பக்கத்தில் பரவும் புண் இம்பெடைகோ என்ற பாக்டீரியாத் தொற்றாகவே பெரும்பாலும் இருக்கும். 2 முதல் 5 வயதுவரை மிகுதியாகவும், 6, 7 வயதுக் குழந்தைகளிடம் சாதாரணமாகவும் காணப்படுவது. ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் என்ற இரு பாக்டீரியாக்களில் ஒன்றோ இரண்டுமோ இதற்குக் காரணம். முதலாவது, ஆரோக்கியமான மனிதர்களிலேயே ஏறத்தாழ நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை மூக்கினுள் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருப்பது. சளியில் மூக்கொழுகி, துடைத்துத் துடைத்து மேல்தோல் உரிந்த இடத்தில் அதற்கு வழி கிடைத்துவிட்டது. பிறகு பையன் பொருக்கைப் பிய்த்த அதே விரலால் முகவாயைத் தொட, அங்கேயும் ஒரு புண். அவனைத் திட்டுவதில் பயனில்லை. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

பகல் வெளிச்சத்தில் அந்தப் பொருக்கின் ஓரத்தைக் கவனியுங்கள். இம்பெடைகோவில் கொப்புளம் அநேகமாக ஒரு நாள்கூட முழுதாக நிற்பதில்லை. மெல்லிய மேல்தோல் உடனே உடைந்து, ஈரமான சிவந்த தரை தெரிந்து, கசிவு உலர்ந்து பொருக்காகிவிடும். புண்கள் ஒரே அளவாக இல்லாமல் ஒன்று பயறு அளவிலும் இன்னொன்று நாணய அளவிலும் இருக்கும். அரிப்பு இருக்கலாம், வலி பெரிதாக இராது. மாறாக, உதட்டோரம் வரும் சாதாரண ஹெர்பீஸ் வைரஸ் புண்ணில், ஓரிரு நாள் முன்பே அந்த இடம் குறுகுறுக்கும், பிறகு சிவந்த தரையின்மேல் ஏறத்தாழ ஒரே அளவுள்ள சிறு நீர்க்கொப்புளங்கள் ஒன்றையொன்று ஒட்டிக் கொத்தாக நிற்கும், தொட்டால் வலிக்கும், பல மாதம் கழித்துக் காய்ச்சலிலோ வெயிலிலோ அதே இடத்தில் திரும்பவும் வரும். இரண்டும் கடைசியில் பொருக்காகத்தான் முடிகின்றன. ஆகவே பொருக்கை மட்டும் பார்த்துத் தீர்மானிக்காமல், அதற்கு முன் என்ன இருந்தது என்று கேட்பதுதான் எங்கள் வழக்கம்.

கருமையான தோலில், புத்தகப் படங்களில் காட்டும் சிவப்பு சிவப்பாகத் தெரியாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கருஞ்சிவப்பாகவோ, ஊதா கலந்தோ, வெறும் பழுப்பாகவோ தெரியும். 'சிவக்கவே இல்லையே' என்று நிம்மதியடையாமல், புறங்கையை வைத்து அந்த இடத்தின் சூட்டையும், அழுத்திப் பார்த்து அதன் இறுக்கத்தையும் மறுபக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்த ட்யூபுக்கு வருகிறேன். பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனால் 'இரண்டு நாள் சிவப்பு குறைந்து பிறகு பரவியது' என்ற ஒரு வரி, அது ஒரு கூட்டுக் களிம்பாக இருக்கும் என்று என்னை எண்ண வைக்கிறது. பாக்டீரியாவுக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, அவற்றோடு பெட்டாமெத்தசோன் அல்லது க்ளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு ஒன்று என மூன்றையும் ஒரே ட்யூபில் அடைத்தவை அவை. நோய் எதுவென்று தெரியாதபோது எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து ஒன்றைக் கொடுத்துவிடும் எண்ணத்தில் இவை கைமாறுகின்றன. சிவப்பு என்பது தொற்றை எதிர்த்து உடல் நடத்தும் சண்டையின் அடையாளம். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்துவதால் சிவப்பு வடிகிறது, கிருமி தங்குதடையின்றிப் பரவுகிறது. படர்தாமரையில் இதே களிம்பைத் தடவியவர்களுக்கு வட்டத்தின் விளிம்பு மங்கி, நோயின் முகமே மாறி, பின்னர் வரும் மருத்துவரும் குழம்பும் நிலை ஏற்படுகிறது. குழந்தையின் முகத்தில் தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து இரத்த நாளங்கள் வெளித்தெரியும். உங்கள் மாமியாரைப் பொறுத்தவரை இன்னும் தெளிவான விஷயம் ஒன்று உண்டு: அந்த மூன்றில் ஒன்றுகூட வைரஸைத் தொடாது.

நீங்கள் கவனிக்காத ஆபத்தும் அந்த ட்யூபில்தான் இருக்கிறது. பேரனின் புண்ணைத் தொட்ட விரல் ட்யூபின் வாயைத் தொட்டு, அதே ட்யூபிலிருந்து பிதுக்கிய களிம்பு மாமியாரின் உடைந்த கொப்புளத்தில் தடவப்பட்டிருக்கிறது. பேரனிடமிருந்து அக்கி வர வழியில்லை என்றேன்; ஆனால் அவனுடைய பாக்டீரியா அந்த அக்கிப் புண்ணுக்குள் புக எல்லா வழியும் இருந்திருக்கிறது. அவருடைய கொப்புளங்களில் தெளிந்த நீருக்குப் பதில் மஞ்சள் சீழ் தெரிந்தாலோ, கொப்புளம் இல்லாத சுற்றுத் தோலும் சூடாகி வீங்கிக்கொண்டு வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, வைரஸ் மருந்தோடு ஆன்டிபயாடிக்கும் தேவைப்படும். மருத்துவரிடம் இந்த ட்யூப் கதையை மறைக்காமல் சொல்லுங்கள். ட்யூபையும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு, பிறகு எறிந்துவிடுங்கள்.

மகனுக்கான சிகிச்சை எளிது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த சுத்தமான துணியைப் பொருக்கின்மேல் சில நிமிடங்கள் வைத்து ஊறவிட்டு, தானாகப் பெயர்ந்து வரும் அளவுக்கு மட்டும் மெல்லத் துடைத்தெடுங்கள். பொருக்கின்மேலேயே மருந்தைத் தடவினால் மருந்து பொருக்கோடு நின்றுவிடும்; இரத்தம் வரும்படி பிய்த்தால் புண் ஆழமாகும். அதன்பின் மருத்துவர் எழுதித்தரும் மூபிரோசின் அல்லது ஃபியூசிடிக் அமிலக் களிம்பை அவர் சொல்லும் நாள்வரை, வழக்கமாக 5 நாள், தடவ வேண்டும். புண் ஓரிரண்டாக இருந்தால் இதுவே போதும். அவனுக்குக் கன்னத்துக்கும் முகவாய்க்கும் பரவிவிட்டதால், உடல் எடைக்கேற்ற வாய்வழி ஆன்டிபயாடிக்கை 5 முதல் 7 நாட்களுக்குக் கொடுப்பதே நல்லது என்று மருத்துவர் தீர்மானிக்கக்கூடும். அப்படித்தான் நானும் செய்வேன். சிகிச்சை தொடங்கி மூன்று நாளாகியும் மாற்றமில்லை என்றாலோ, குணமாகி மீண்டும் மீண்டும் வந்தாலோ, புண்ணிலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, எந்த மருந்துக்கு அடங்கும் கிருமி என்று வளர்த்துப் பார்க்க வேண்டும். வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத ஸ்டாஃபைலோகாக்கஸ் வகைகள் இப்போது மருத்துவமனைக்கு வெளியேயும் இருக்கின்றன.

அவனுக்கென்று தனித் துண்டு, தனித் தலையணை உறை. இரண்டையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். மருந்து தடவும் ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பள்ளியைப் பற்றிக் கேட்டீர்கள்: ஆன்டிபயாடிக் தொடங்கி 48 மணி நேரம் முடியும்வரையிலோ, புண்கள் எல்லாம் உலர்ந்து ஆறும்வரையிலோ அனுப்ப வேண்டாம். சில நாடுகளில் 24 மணி நேரமே போதும் என்கிறார்கள். முகத்தில் இவ்வளவு பரவியிருக்கும்போது இரண்டு நாள் வீட்டில் இருப்பதே நியாயம் என்பது என் எண்ணம். தழும்பு விழுமோ என்று கவலைப்பட வேண்டாம். தொற்று மேல்தோலின் மேற்பரப்போடு நிற்பதால் தழும்பு விழாது. நிறமாற்றம் மட்டும் சில மாதங்கள் இருந்து மறையும்.

ஒன்றை மட்டும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். புண்ணுக்குக் காரணம் ஸ்ட்ரெப்டோகாக்கஸாக இருந்தால், அரிதாக, தோல் ஆறிய பிறகு, ஏறத்தாழ மூன்று வாரம் கழித்துச் சிறுநீரகத்தில் ஓர் அழற்சி வரக்கூடும். காலையில் எழும்போது கண்ணிமைகளும் முகமும் உப்பியிருப்பது, சிறுநீர் குறைவாகவும் தேயிலை நீர் நிறத்திலும் போவது ஆகியவை அதன் அடையாளங்கள். ஆன்டிபயாடிக்கை ஒழுங்காக முடித்திருந்தாலும் இது வராது என்று உறுதி கூற முடியாது. ஆகவே பொருக்கு உதிர்ந்துவிட்டது என்று மறந்துவிடாமல் அடுத்த ஆறு வாரங்களுக்கு இதில் ஒரு கண் இருக்கட்டும்.

மிஞ்சிய இருமல் மாத்திரைகளைப் பற்றி: கொடுக்கக் கூடாது, இருவருக்குமே. மாமியாருக்கு இருப்பது வைரஸ் என்பதால் அவை செய்வதற்கு அங்கே வேலையே இல்லை. பாக்டீரியாவின் சுவரையோ அது புரதம் தயாரிக்கும் கருவியையோ தாக்குபவை ஆன்டிபயாடிக்குகள். வைரஸுக்கு அவ்விரண்டும் கிடையாது, நம் உயிரணுவின் கருவிகளைக் கொண்டே அது பிழைக்கிறது. மகனுக்கு இருப்பது பாக்டீரியாதான் என்றாலும், இருமலுக்கென்று கொடுத்த மாத்திரை தோலில் வாழும் பாக்டீரியாவுக்குச் சரியானதாக இருக்க வேண்டும் என்பதில்லை. அசித்ரோமைசின் போன்றவற்றுக்கு இந்த இரு பாக்டீரியாக்களிலும் அடங்காத வகைகள் நிறைய உண்டு. பெரியவரின் மாத்திரையைப் பாதியாக உடைத்தால் குழந்தைக்கான அளவு வந்துவிடாது. நாலைந்து மாத்திரை என்பது ஒரு முழுச் சிகிச்சையும் ஆகாது. எஞ்சிய கிருமிகளுக்கு அந்த மருந்தோடு பழகிக்கொள்ள அவகாசம் கொடுத்ததாகத்தான் முடியும்.

உங்களுடைய நிலையைச் சொல்கிறேன். அக்கிக் கொப்புளத்தின் நீரில் உயிருள்ள வைரஸ் இருக்கிறது. இதுவரை சின்னம்மை வராத, அதற்கான தடுப்பூசியும் போடாத ஒருவர் அந்த நீரைத் தொட நேர்ந்தால், அவருக்கு அக்கி வராது. 10 முதல் 21 நாளில் சின்னம்மை வரலாம். கர்ப்ப காலத்தில் வரும் சின்னம்மை தாய்க்கு நுரையீரல் வரை போகக்கூடியது என்பதால் இதில் அலட்சியம் கூடாது. சிறு வயதில் உங்களுக்கு அம்மை போட்டிருந்தது உறுதி என்றால் அநேகமாக அஞ்சத் தேவையில்லை. உறுதியாகத் தெரியவில்லை என்றால், உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் இன்றே சொல்லி, எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று இரத்தத்தில் பார்த்துவிடுங்கள். இல்லை என்று வந்தால், தொடர்பு ஏற்பட்ட 10 நாட்களுக்குள் செய்யக்கூடிய பாதுகாப்பு முறைகள் உண்டு. அதுவரை மாமியாருக்கு மருந்து தடவுவது, அவர் துணிகளைத் துவைப்பது ஆகியவற்றை வீட்டில் அம்மை வந்துபோன வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். மகனுக்குச் சின்னம்மைத் தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டாயிற்றா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள்.

மாமியாரின் கொப்புளங்களை ஒட்டாத கட்டுத்துணியாலும் தளர்வான பருத்தி ஆடையாலும் மூடி வைத்தால் தொற்றும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். எல்லாக் கொப்புளங்களும் பொருக்குக் கட்ட, வழக்கமாக 7 முதல் 10 நாள் ஆகும். அதன்பின் அவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது. குளிக்கக் கூடாது என்று யாரும் தடுத்தால் கேட்க வேண்டாம். மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான நீருமாகக் குளித்து, தேய்க்காமல் ஒற்றித் துடைத்தால் பாக்டீரியா சேருவதுதான் குறையும். குணமான பிறகு, 50 வயதைக் கடந்தவர்களுக்கென உள்ள அக்கித் தடுப்பூசியை 2 முதல் 6 மாத இடைவெளியில் இரு தவணையாகப் போடுவதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஒருமுறை வந்தவர்களுக்கும் அது பொருந்தும்.

அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால், அக்கியோடு தொடர்பில்லாவிட்டாலும் பாக்டீரியாத் தொற்றைப் பற்றி நான் சொல்லாமல் விட முடியாது. மயிர்க்கால் ஒன்றில் சீழ் பிடிப்பது சாதாரணக் கட்டி. பக்கத்துப் பக்கத்து மயிர்க்கால்கள் பல சேர்ந்து ஆழமாகச் சீழ் கோத்து, பல கண்களோடு கழுத்துப் பிடரியிலோ முதுகிலோ எழும்புவது ராஜபிளவை. அது சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களையே பெரும்பாலும் பிடிக்கிறது. சீழ் கோத்துவிட்ட கட்டிக்கு முதல் மருந்து கத்திதான். கீறிச் சீழை வெளியேற்றாமல் மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தால், சீழுக்குள் மருந்து போதிய அளவு போய்ச் சேராது. ஆனால் அந்தக் கீறலை மருத்துவர் செய்ய வேண்டும். அதிலும் மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ள கட்டியை வீட்டில் பிதுக்கவே கூடாது. அங்குள்ள சிரைகள் மண்டையோட்டுக்குள் இருக்கும் சிரைகளோடு தொடர்புடையவை.

எல்லாக் கொப்புளத்தையும் கீறலாம் என்றும் இல்லை. நகத்தின் ஓரம் வீங்கிச் சீழ் கோக்கும் நகச்சுற்றைக் கீறினால் சில நிமிடத்தில் வலி விடும். விரல் நுனியில் அதே போலச் சிவந்து வீங்கி, உற்றுப் பார்த்தால் உள்ளே சிறு சிறு நீர்க்கொப்புளங்கள் கொத்தாகத் தெரிவது ஹெர்பீஸ் வைரஸ் விரலில் தொற்றியது. அதைக் கீறினால் சீழ் வராது, வைரஸ் பரவுவதோடு பாக்டீரியாவும் உள்ளே புகுந்துவிடும். உதட்டில் ஹெர்பீஸ் இருக்கும்போது விரல் சூப்பும் குழந்தைகளிடம் இதைப் பார்க்கிறோம். பிறவியிலிருந்தே கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு இதே வைரஸ் தொற்றினால், ஒரே அளவில் குழிகுழியான புண்கள் ஓரிரு நாளில் முகமெங்கும் பரவி, காய்ச்சலும் வரும். அது 'கரப்பான் அதிகமாகிவிட்டது' என்று ஸ்டீராய்டு தடவிப் பார்க்கும் வேளை அல்ல, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய வேளை.

மாமியாரின் கால்விரல் இடுக்குகளையும் வாரம் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். வெள்ளையாக ஊறி வெடித்திருக்கும் சேற்றுப்புண் பார்வைக்கு அற்பமானது. ஆனால் ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே திடீரெனச் சூடேறி, சிவந்து, இறுகி, குளிர் காய்ச்சலோடு வரும் செல்லுலைட்டிஸ் என்ற ஆழ்தோல் தொற்றுக்குப் பல நேரங்களில் வாசல் அந்த வெடிப்புதான். அப்படி வந்தால், சிவப்பின் எல்லையைப் பேனாவால் கோடிட்டு நேரத்தையும் எழுதி வையுங்கள். மருந்து தொடங்கிய முதல் நாள் சிவப்பு கோட்டைச் சற்றுத் தாண்டலாம், அது இயல்பே. 48 மணி நேரத்துக்குப் பிறகும் தாண்டிக்கொண்டிருந்தால் மருந்தை மாற்ற வேண்டும். காலை உயர்த்தி வைப்பது மாத்திரைக்கு நிகரான சிகிச்சை. இரண்டு கால்களும் ஒரே மாதிரி சிவந்திருந்தால் அநேகமாக அது தொற்றே அல்ல, சிரைகளில் இரத்தம் தேங்குவதால் வந்த அழற்சி. பார்ப்பதற்குச் சிறிதாகத் தெரியும் இடத்தில் தாங்க முடியாத வலி, தோல் கருநீலமாக மாறுதல், அதன்மேல் இரத்தக் கொப்புளம், பிறகு அந்த இடம் மரத்துப்போதல் என்ற தொடர் மணிக்கணக்கில் வளர்ந்தால், அது தசையுறையை அழிக்கும் தொற்று. நள்ளிரவானாலும் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள்.

பின்குறிப்பில் கேட்ட பருக்களுக்கு வருகிறேன். பளபளப்பாக, தோல் நிறத்தில், நடுவில் தொப்புள்போல் சிறு குழிவோடு இருந்தால் அவை மொலஸ்கம் என்ற வைரஸ் பருக்கள். உலகிலிருந்து ஒழிந்துவிட்டதாக 1980-இல் அறிவிக்கப்பட்ட பெரியம்மையின் வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதன் வைரஸும் என்றாலும் சுபாவத்தில் சாது. பெரும்பாலும் 6 முதல் 18 மாதங்களில் தானாகவே மறையும். கையில் சொரசொரப்பாக வரும் மருவும் வைரஸால் வருவதே. அதற்கு சாலிசிலிக் அமிலத்தைத் தினமும் பொறுமையாக மூன்று மாதம் தடவலாம், முகத்தில் மட்டும் கூடாது. மொலஸ்கத்துக்கு அதுகூட வேண்டியதில்லை. ஊசியால் குத்தினால் உள்ளே இருக்கும் வெண்மையான பொருள் பக்கத்துத் தோலில் பட்டுப் புதிய பருக்கள் முளைக்கும், தழும்பும் விழும். முகத்தில் பாக்டீரியா இருக்கும் இந்த வாரத்தில் அது கூடவே கூடாது. கண்ணிமையில் வந்தாலோ, மிக அதிகமாகப் பரவினாலோ மருத்துவரிடம் எடுத்துவிடும் முறைகள் உள்ளன. இதற்காகப் பள்ளிக்கு விடுப்பு எடுக்கத் தேவையில்லை. துண்டை மட்டும் பகிர வேண்டாம்.

சில மாதம் கழித்து ஒரு நாள் அந்தப் பருக்களில் ஒன்றிரண்டு திடீரென்று சிவந்து வீங்கி, சீழ் பிடித்தாற்போல் தோன்றக்கூடும். உடல் அந்த வைரஸைக் கடைசியில் அடையாளம் கண்டுகொண்டதன் விளைவு அது. பெரும்பாலும் அடுத்த சில வாரங்களில் பருக்கள் உதிரத் தொடங்கும். காய்ச்சலோ, பருவைத் தாண்டிப் பரவும் சூடும் வலியும் வீக்கமுமோ இல்லாதவரை, அதற்கு ஆன்டிபயாடிக் தேவைப்படாது.